ரெண்டு பேர் கூடாரம்

…அதைத்தான் ஸார் நானும் கேக்கறேன், சாளக்கிராமம் கீழே இருக்கறச்சே அதுக்கு மேலே மனுஷன் காலை நீட்டிண்டு படுக்கலாமோ? படுக்கப்படாது. நேக்கும் தெரியும். ஆனா வண்டி உச்சியிலே கூடாரம் அடிச்சா, படுக்கறவன் மேலேதான் படுப்பான், சாமான் கீழேதான் இருக்கும். இது நான் பண்ணின ஏற்பாடா? எங்கண்ணா என்னடான்னா, "ஏண்டா வெங்கிடராமா, ஸ்வாமி தலைக்கு மேலே நீ கொறட்டை விடுவியா?"ன்னு என்னை வந்து கேக்கறார். என்னமோ நான் போன ஜன்மத்துலேர்ந்து அதுக்கே காத்திண்டிருந்த மாதிரி!

உக்காருங்கோ, உக்காருங்கோ. ஏன் எழுந்துக்கறேள்? ஹாஜியார் தொழப் போயிருக்கார். இன்னிக்கு வெள்ளிக்கிழமையோன்னோ, வர நாழியாகும். கடையைப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கார். போறப்போ, "ஐயரே, சின்னதோ பெரிசோ, ஞான் வரும்போளேக்கு ஒண்ணு தீர்மானிச்சோளூ"ன்னு சொல்லிட்டு வேற போயிருக்கார். இங்க வந்து நான் தீர்மானம் பண்ணாம திரும்பிப் போறது இது மொதத் தடவை இல்லே, அவருக்கும் பாவம் சலிச்சுப் போச்சு. நீங்க தமிழ்தானே? உள்ளே வரச்சேயே "அப்பாடா, என்ன வெக்கை"ன்னேளே, காதுல விழுந்தது. இந்தக் கொச்சங்காடியிலே மலையாளம், கொங்கணி, குஜராத்தின்னு கேட்டுக் கேட்டு, ஒரு தமிழ்க் குரல் விழுந்தா மனசு விட்டுப் பேசணும்னு தோணறது. பேரு? முப்பிடாதியா? தென்காசிப் பக்கமோ? அதானே பார்த்தேன். நேக்குப் பேரு வெங்கிடராமன். பூர்வீகம் பாலக்காடு, பொறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. தேயிலைக் கம்பெனியிலே ஹெட் கிளார்க். அகம் இங்க பக்கத்துலே சுள்ளிக்கல்லே.

நீங்க உக்காந்திண்டிருக்கேளே அந்தச் சுருட்டு… ஆமாம், அதேதான். அதான் சின்னது. எங்க கம்பெனி வெள்ளைக்கார சாயிப்பு ஆர்டர் கொடுத்துத் தெச்ச கூடாரம். ஹாஜியார் தெச்சு முடிக்கறதுக்குள்ளே அவருக்கு என்னமோ தோணித்து, உத்தியோகத்தை விட்டுட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறிட்டார். போறப்போ தன்னோட பழைய லேண்ட் ரோவரை என் கையிலே கொடுத்துட்டுப் போனார். "வெங்கி, யூஸ் இட்"ன்னார். என்னத்தை யூஸ் பண்றது? ஆத்துலேர்ந்து கம்பெனி நடந்து போற தூரம். வண்டி வாசல்லே நிக்கறது, பக்கத்து வீட்டுக் கோழி அதுலே ஏறி முட்டை போடறது. எங்காத்து அத்தை அதுக்காகத் தெனம் வண்டியை அலம்பச் சொல்றா. கம்பெனியிலே எல்லாரும் "ஐயருக்கு வண்டி வந்துடுத்து, ஐயருக்கு வண்டி வந்துடுத்து"ங்கறா. வந்துடுத்து. தெனம் ரெண்டு வாளித் தண்ணி செலவு, அவ்வளவுதான்.

சின்னதுலே ஒரு கொறையும் சொல்ல முடியாது, கேட்டேளா. நல்ல கித்தான். ஹாஜியார் கை! பத்தேமாரிக் கப்பலுக்குப் பாய் தெச்ச கையாக்கும், தையல் ஒவ்வொண்ணும் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். மடிச்சா பெட்டி மாதிரி வண்டிக் கூரை மேலே உக்காந்துடும். பிரிச்சா பாய் விரிச்ச மாதிரி பரந்துக்கும். ஏற எறங்க ஏணி இருக்கு, ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கு, கொசுவலை கூட இருக்கு. பட்சே ரெண்டே பேர்தான் படுக்கலாம். பெரிசு இருக்கே, அது இன்னும் பொறக்கல்லே. ஹாஜியார் தலைக்குள்ளேதான் இருக்கு. அஞ்சு பேருக்கு. மாடி வெச்சு.

மாடிதான். சிரிக்காதேங்கோ. கூடாரத்துக்கு மேலே ஒரு சின்னக் கூடாரம், ஸ்வாமிக்கு. அண்ணா தெனம் பூஜை பண்ணாம பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார். அதனால சாளக்கிராமப் பெட்டி கூடவே வரணும். நாங்க அதுக்கு மேலே படுக்கப்படாதுன்னா, அது எங்களுக்கு மேலே இருக்கணும். நியாயம்தானே? நான் சொன்னேன், "அண்ணா, பெட்டியைக் கூடாரத்துக்குள்ளேயே தலைமாட்டுலே வெச்சுக்கலாமே"ன்னு. தலைமாட்டுலே வெச்சா எதுத்தாப்ல படுக்கறவா கால் ஸ்வாமிக்கு நேரா வரும்ங்கறார். சரி, எல்லாரும் ஒரே பக்கம் தலை வெச்சுக்கலாம்னா, வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்னு கேக்கறார். வடக்கே பார்த்து நின்னா அத்தனை தலையும் வடக்கே. வடக்கே தலை வெச்சுப் படுக்கலாமோ? படுக்கப்படாது. அப்போ வண்டியைத் திருப்பி நிறுத்தறதுன்னா, ஏரிக்கரையிலே வண்டி நிக்கறதுக்கு ஒரே ஒரு சமனான எடம்தானாம், அது வடக்கே பார்த்ததாம். யார் சொன்னா? பிச்சுமணி சொன்னான். அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

எந்த ஏரியா? தேக்கடி, ஸார், தேக்கடி! பெரியாறு. யானை பார்க்கப் போறோம். அது நான் சொல்லவே இல்லையோ? இதான் எங்கிட்ட ஒரு வியாதி, தலையை விட்டுட்டு வாலைப் பிடிச்சிண்டு போவேன். மொதல்லேர்ந்து சொல்றேன், இருங்கோ.

எங்காத்துக்காரி சொர்ணலதாதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். அதிகம் பேச மாட்டா. அவ வாயிலேர்ந்து வரதெல்லாம், சாப்பிட வாங்கோ, துண்டு கொடியிலே இருக்கு, அண்ணாவுக்குக் கஷாயம் ஆச்சா, அவ்வளவுதான். சாயிப்போட வண்டிக்குள்ளே பழைய இங்கிலீஷ் புஸ்தகம் ரெண்டு கெடந்தது. அதுலே ஒரு படம். ஆப்பிரிக்காவோ எங்கேயோ காடு. வண்டி உச்சியிலே கூடாரம். ஏணிப் படியிலே ஒரு வெள்ளைக்காரி சாயா குடிச்சிண்டு உக்காந்திருக்கா, புருஷன் கீழே நின்னுண்டு சாஸரைப் பிடிச்சிண்டிருக்கான். சொர்ணம் அதைக் கத்திரிச்சு எடுத்து, சாதப் பருக்கையைத் தேச்சு, அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சா. நான் பார்த்துட்டு அலமாரியை மூடிட்டேன். ஒரு நாள் கெணத்தடியிலே வேஷ்டி பிழிஞ்சிண்டிருக்கறச்சே தானே சொன்னா. "திருவிழாவுக்குத் திருவிழா யானை பார்த்தாச்சு. காலுல சங்கிலி இல்லாத யானை ஒண்ணு பார்க்கணும். நாம ரெண்டு பேர் மட்டும் போலாமோ?" அப்படின்னா. சொல்லிட்டு வேஷ்டியை ஒதறினா. தண்ணி என் மொகத்துல தெறிச்சுது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துலே அவ என்னை ஒண்ணு கேட்டது அதான் மொதத் தடவை ஸார். சரின்னுட்டேன். எப்படிச் சொல்லாம இருக்க முடியும்?

நான் சரின்னா மத்தவா விட்டாளா? அத்தை வந்து ஒட்டிண்டுட்டா. கனகாம்பாள் அத்தை, எங்கப்பாவோட தங்கை. சின்ன வயசுலேயே புருஷனை இழந்துட்டு எங்காத்தோட வந்துட்டவா. மடின்னா அப்படி ஒரு மடி. அவ ஒணத்தின பொடவையைக் காக்கா பார்த்தாக்கூட மறுபடி நனைப்பா. அவ காட்டுக்கு வரேங்கறா! கூடாரத் துணியைக் காட்டினேன். மோந்து பார்த்தா. "இதுலே என்னடா தடவியிருக்கு, மெழுகா, கொழுப்பா?"ன்னா. ஹாஜியாரை வந்து கேட்டேன். மெழுகுதான்னு சத்தியம் பண்ணினார். அத்தை கேக்கல்லே. "எதுக்கு வம்பு? கம்பளிக்கு மடி தோஷம் கெடையாது, கம்பளியிலே தெச்சுடச் சொல்லு"ங்கறா. கம்பளிக் கூடாரம் ஸார்! ஒரு மழை பேஞ்சா எத்தனை தண்ணி குடிக்கும்? வண்டி நசுங்கிப் போகாதோ? இதை ஹாஜியார்கிட்டச் சொன்னேன். தொப்பியை எடுத்தார், தலையைத் தடவிண்டார், மறுபடி வெச்சிண்டார்.

என்ன கேக்கறேள்? அத்தைக்கு யார் சொன்னாளா? அது… சாப்பிட உக்காந்திருந்தேன். சொர்ணம் மோர் விட வந்தா. அத்தை எதுத்தாப்ல உக்காந்திருக்கா. நேக்கு என்னமோ மாதிரி இருந்தது. தலை நரைச்ச மனுஷன், பொண்டாட்டியை மட்டும் கூட்டிண்டு காட்டுக்குப் போய் வண்டி மேலே படுத்துக்கப் போறான்னா, கேக்கறவா என்ன நெனைப்பா? அதனாலே பேச்சோட பேச்சா, "அத்தை, தேக்கடி போறோம், நீங்களும் வாங்கோளேன்"னேன். ஒரு மரியாதைக்கு! நாம அப்படிக் கூப்பிட்டா, "நேக்கெதுக்குடா காடும் மலையும், நீங்க போயிட்டு வாங்கோ"ன்னு சொல்றதுதானே மொறை? உங்க பக்கமும் அப்படித்தானே? ஊர் ஒலகத்துலே எல்லாரும் அப்படித்தானே சொல்லுவா? இவ, "ஆகட்டும்டா"ன்னுட்டா. சொர்ணம் மோரை விட்டுட்டு உள்ளே போயிட்டா. எலையிலே மோர் ஓடறது, நான் அதுக்கு அணை கட்டிண்டிருக்கேன்.

இப்போ மூணு பேர் ஆச்சா. மூணு பேரா எறங்கப்படாதே! நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போவாளோ? சொர்ணம், "ஒரு கல்லை எடுத்து மடியிலே வெச்சிண்டா அது நாலாவது ஆள் கணக்கு, போறும்"னா. அது சாஸ்திரம்தான், இல்லேங்கல்லே. ஆனா ஆத்துல அண்ணா ஒருத்தர் இருக்கறச்சே அவரை விட்டுட்டுக் கல்லைக் கூட்டிண்டு போவாளா யாராவது? மன்னி போனப்பறம் பாவம் அவர் எங்கேயும் போறதில்லே. வாசல்லே சாய்வு நாற்காலியைப் போட்டுண்டு, யார் தெருவிலே போறா, எத்தனை நாழிக்குத் திரும்பி வரான்னு பார்த்திண்டிருக்கார். சரின்னு அவர்கிட்டப் போய், "அண்ணா, உங்களுக்கு அலைச்சல் ஒத்துக்காது, இருந்தாலும் கேக்கறேன்"னு ஆரம்பிச்சேன். ஒத்துக்காதுன்னு நானே எடுத்துக் கொடுத்திருக்கேன், பாருங்கோ! அதைப் பிடிச்சிண்டு வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? "எப்போடா கெளம்பணும்?"ங்கறார். அந்த நிமிஷமே எழுந்து போய்ப் பூஜைப் பெட்டியை எறக்கித் தொடைக்க ஆரம்பிச்சுட்டார்.

இனி பிச்சுமணி. சொர்ணத்தோட தம்பி. குமுளிப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டுல கொஞ்ச நாள் கணக்குப் பிள்ளையா இருந்தவன். அதுக்கப்புறம் புலி, யானை, கரடி எல்லாத்துக்கும் இவன்தான் தாய்மாமா மாதிரி பேசுவான். "அத்திம்பேர், புலியைப் பத்திக் கவலை இல்லே. யானைதான். அது தும்பிக்கையைத் தூக்கினா சரியா உங்க கூடார ஜன்னலுக்கு வரும்"ங்கறான். இதை அண்ணா எதிர்க்கச் சொல்றான். அண்ணா ஒடனே, "அதான் நான் மாடி வேணும்கறேன்"ங்கறார். மாடி ஸ்வாமிக்கு ஸார்! இப்போ இவரும் பெட்டியோட மாடியிலேயே படுத்துப்பேங்கறார். அப்போ அத்தை, "அவன் மேலே, நான் கீழேயா, நான் அவனுக்கு மூத்தவடா"ங்கறா. பிச்சுமணி ஏன் வரான்னு கேக்காதேங்கோ. காப்பி குடிக்க வந்தான். அத்தனை விவரம் சொன்னவனை, "நீயும் கூட வந்தாத் தேவலைடா"ன்னு ஒரு வார்த்தை சொல்லாம எப்படி அனுப்பறது? டம்ளரைக் கீழே வெக்கறதுக்கு முன்னாடி லீவு போட்டுட்டான்.

இத்தனையையும் கேட்டுட்டு ஹாஜியார் சொன்னார், "ஐயரே, இது கூடாரமல்ல, நாலுகெட்டு வீடாணு. வண்டியை அதிண்டே உள்ளில் நிர்த்தாம்"ன்னார். வண்டியையே அதுக்குள்ளே நிறுத்திடலாமாம்! சிரிக்காம சொன்னார், அதான் நேக்கு வருத்தம்.

வெக்கை தாங்கல்லே, இல்லே? அந்தப் பாயை நகர்த்தினா காத்து வரும். நகர்த்த வேண்டாம், நகர்த்த வேண்டாம், அப்பறம் வெய்யில் அடிக்கும். நீங்க அந்த ஏணியைத் தட்டிப் பார்த்திண்டிருக்கேளே, தேக்கு அது. ஒரு பழைய வள்ளத்துலேர்ந்து எடுத்த மரமாம். ஒண்ணும் ஆகாது.

ஒரு தடவை பாருங்கோ, எறணாகுளத்துலே ஒரு கல்யாணம். போட்டு ஜெட்டியிலே எங்க கும்பல் பூரா நின்னுண்டிருக்கு. போட்டு வந்தது, நானும் சொர்ணமும் ஏறிட்டோம். அத்தை தயிர்ப் பானையை மறந்துட்டேன்னு திரும்பிப் போனா, அவளுக்காக எல்லாரும் நின்னா, போட்டு விட்டுடுத்து. போட்டுலே சொர்ணமும் நானும் மட்டும். கல்யாணமான புதுசுலே குருவாயூர் போனோம், கூட ஒன்பது பேர் வந்தா. ஆத்துலே எந்த ரூமுக்குப் போனாலும் யாராவது படுத்திண்டிருப்பா. அப்படிப்பட்டவாளுக்கு மட்டாஞ்சேரியிலேர்ந்து எறணாகுளம் வரைக்கும் ஒரு போட்டு பூரா கெடைச்சா எப்படி இருக்கும்? நான் என்ன பண்ணினேன் தெரியுமோ? நேரே போய் டிக்கெட் கிழிக்கறவன் பக்கத்துலே உக்காந்துண்டேன். அவனோட ஊர் எது, எத்தனை கொழந்தைகள், போட்டுக்கு எத்தனை எண்ணெய் குடிக்கும்னு எறணாகுளம் வரைக்கும் அவனோடயே பேசிண்டு வந்தேன். அவன் கொழந்தைகள் பேர் இப்பவும் நேக்கு ஓர்மை இருக்கு. சொர்ணம் கம்பியைப் பிடிச்சிண்டு நின்னுண்டிருந்தா. எறங்கறச்சே, "தண்ணி நன்னா இருந்தது"ன்னா. அவ்வளவுதான். இதை எதுக்குச் சொன்னேன்?

ஆங்… சின்னதா, பெரிசா. நேத்து வரைக்கும் பெரிசுதான்னு இருந்தேன். எடவப்பாதி மழை ஆரம்பிக்கறதுக்குள்ளே போயிட்டு வந்துடணும், அதுக்கப்புறம் மலைப் பாதையிலே ஆள் போக முடியாது. பெரிசுக்குன்னா இன்னிக்கு ஹாஜியார் கித்தானை வெட்டணும். அப்போதான் தெச்சுக் கைக்கு வரும். அதைச் சொல்லத்தான் இன்னிக்குக் கம்பெனியிலே அரை நாள் லீவு போட்டேன். காலம்பற சொர்ணம்கிட்ட, "இன்னிக்குக் கூடாரம் தீர்மானம் ஆயிடும், அஞ்சு பேருக்கு"ன்னேன். அடுப்பு ஊதிண்டிருந்தா. நிமிரவே இல்லே. "நாலு பேருக்குச் சொல்லுங்கோ. நீங்க எல்லாருமாப் போயிட்டு வாங்கோ. நான் வல்லே. ஆத்துலே யாருமே இல்லாம நேக்கும் ரெண்டு நாள் இருந்து பார்க்கணும்"னா.

கோவமா சொன்னான்னா சமாதானம் பண்ணலாம் ஸார். கோவமே இல்லே. பருப்பு வெந்துடுத்துன்னு சொல்ற மாதிரி சொன்னா. நான் துண்டு எடுக்கப் போனேன், அலமாரியைத் திறந்தேன். கதவுலே படத்தைக் காணோம். கிழிச்ச எடம் மட்டும் வெள்ளையா இருக்கு. சமையலுள்ளுலே போய்ப் பார்த்தா, எண்ணெய்த் தூக்குக்கு அடியிலே விரிச்சிருக்கா. வெள்ளைக்காரி மொகம் பூரா நல்லெண்ணெய். அந்தப் புருஷனோட சாஸர் மட்டும் ஓரமாத் தெரியறது.

அங்கேர்ந்து நடந்தே வந்தேன். வழியிலே மனசைக் கெட்டிப்படுத்திண்டுட்டேன். சின்னதை எடுத்துட வேண்டியது. நேரே ஆத்துக்குப் போய் வண்டி மேலே கட்டிட வேண்டியது. எல்லாரும் பார்க்கட்டும். அதுலே ரெண்டு பேர்தான் கொள்ளும், கண்ணாலே பார்த்தா யாருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம் பாருங்கோ, கூடாரமே சொல்லிடும். அப்படின்னு நெனச்சிண்டுதான் உள்ளே வந்தேன். வந்தா அண்ணா மொகம் ஞாபகம் வரது. பெட்டியைத் தொடைச்சு, குங்குமம் வெச்சு, புதுத் துணியிலே கட்டித் தயாரா வெச்சிருக்கார். ஹாஜியார், "சின்னதல்லே?"ன்னு கேட்டார். "தொழுதுட்டு வாங்கோ, சொல்றேன்"னுட்டேன்.

நீங்களே சொல்லுங்கோ, முப்பிடாதி ஸார். என் எடத்துலே நீங்க இருந்தா என்ன பண்ணுவேள்? …அது சரி, நான் பாட்டுக்குப் பேசிண்டிருக்கேன். நீங்க என்ன விஷயமா வந்தேள்? கிட்டங்கிக்குத் தார்ப்பாயா? வள்ளத்துக்குப் பாயா?

குமுளியிலேர்ந்தா? எஸ்டேட்டா? புதுசா வந்த தொரை அனுப்பினாரா… எதை எடுத்திண்டு போக?

இதையா? நீங்க உக்காந்திண்டிருக்கற இதையா? எங்க சாயிப்பு விட்டுட்டுப் போனதுன்னு கேள்விப்பட்டாரா?

…

ஹாஜியார்கிட்ட இன்னும் சொல்லல்லையே நீங்க? இல்லே? அவர் வந்தப்பறம்தான் சொல்லணுமா? அப்போ மொதல்லே யார் சொல்றாளோ… இல்லே இல்லே, நீங்கதான் சொல்லணும். நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கேள். நான் இத்தனை நாளா இங்க வந்து வந்து வெறுதே திண்ணைக் கச்சேரி பண்ணிட்டுப் போனவன். நேக்கு என்ன பாத்தியதை? எடுத்திண்டு போங்கோ. நல்ல கித்தான். ஜன்னல் இருக்கு. தொரைக்குப் பிடிக்கும்.

ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கப்படாது. அவா யாரும் வந்து ஒட்டிக்கல்லே ஸார். நான்தான் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தரையா, தேடித் தேடிப் போய். மரியாதைக்கெல்லாம் இல்லே. நேக்குப் பயமா இருந்தது. யானைக்கில்லே. அந்தக் கித்தானுக்குள்ளே அவளும் நானும் மட்டும் உக்காந்திருக்கோம், சுத்திலும் ஒரு சத்தம் இல்லே, அவ என்னைப் பார்த்து, "அப்பறம்?"னு கேட்டான்னா நான் என்ன சொல்லுவேன்? ஊருலே யாரைப் பார்த்தாலும் மணிக்கணக்காப் பேசறேன், உங்களைப் போட்டு இத்தனை நாழி வதைச்சிருக்கேன். அவகிட்டப் பேச எங்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னு அங்க போய்த் தெரிஞ்சுபோச்சுன்னா? அந்த எடத்துலேர்ந்து எறங்கி எங்கே போறது? அதான் கூட்டம் சேர்த்தேன். கூட்டம் இருந்தா அவ மோர் விடுவா, நான் ரசம் நன்னா இருக்கும்பேன், நாள் போயிடும்.

ஆனா இன்னிக்கு அவ "நான் வல்லே"ன்னாளே, அது அதை விடப் பயமா இருந்தது ஸார். பேச ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேனே. ரெண்டு பேரும் சும்மா உக்காந்து அந்த யானையைப் பார்க்கறது. அவ சாயா குடிக்கட்டும், நான் சாஸரைப் பிடிச்சுக்கறேன். இதை அவகிட்டச் சொல்லியிருக்கணும். உங்ககிட்டச் சொல்லிண்டிருக்கேன் பாருங்கோ.

என்ன? ஏன் எழுந்துட்டேள்?

எடுத்துக்கச் சொல்றேளா… நேக்கா? உங்க தொரைக்கு? ஹாஜியார் வேற தெச்சுத் தருவாரா? தருவார், தருவார், பத்து நாளிலே தெச்சுடுவார், அளவு கைவசம் இருக்கு! தொரை அதுக்குள்ளே கேட்டார்னா… இன்னும் தையல் முடியல்லேன்னு சொல்லிடுவேளா? பொய் சொல்லணுமே உங்களுக்கு, பாவம். சொல்லிடுவேளா! ஸார்! கூடப் பொறந்தவா பண்ண மாட்டா இதை. நீங்க குமுளியிலேயா இருக்கேள்? தேக்கடிக்குப் பக்கத்துலேதானே அது! நாங்க அங்க வரச்சே நீங்களும் ஆத்துக்காரியை அழைச்சிண்டு, ஒரு ராத்திரி எங்களோட அந்த ஏரிக்கரையிலே…

ஸார்? ஸார்! மெதுவாப் போங்கோ, படி இருக்கு! முப்பிடாதி ஸார்! செருப்பைக் கையிலே எடுத்திண்டு ஓடறாரே மனுஷன்… பஸ்ஸுக்கு நாழி ஆயிடுத்தோ என்னமோ. நல்ல மனுஷன். போறேன்னுகூட ஒரு வார்த்தை சொல்லல்லே.

ஹாஜியாரே, வந்தாச்சா? இல்லே, அவர் ஒண்ணும் வாங்கல்லே, போயிட்டார். எஸ்டேட்டுக்கு இதே மாதிரி இன்னொண்ணு தெச்சு வெச்சிருங்கோ, அப்பறமா வருவார். நேக்குச் சின்னது மதி, அது போறும். ஆமாம், ரெண்டு பேர். அண்ணாவா? அண்ணா அவரோட கட்டில்லே படுத்துப்பார், ஸ்வாமி ஸ்வாமியோட எடத்துலே இருக்கட்டும். இல்லே, மாடி வேண்டாம். கம்பளியும் வேண்டாம். நெஜமாத்தான் சொல்றேன், ஏன் அப்படிப் பார்க்கறேள்?

நாளைக்குக் கொடுத்து அனுப்பறேளா? வேண்டாம், வேண்டாம். இப்பவே ஒரு கைவண்டி பிடிங்கோ, நானும் கூடவே போறேன். நாளைக்கு ஆகாது ஹாஜியாரே. நாளைக்குள்ளே நான் யாரையாவது கூப்பிட்டுடுவேன்.